பணம் அனுப்பினான், பொருள் கைக்கு வரவில்லை. தம்பி மேல் கேஸ் வருமா?

தென்பெண்ணைக்கரை (கடலூர்) – செவ்வாய், இரவு 11:40

எல்லோருக்கும் வணக்கம். தெரிந்தவர்கள் யாரிடமும் கேட்க முடியாத விஷயம் என்பதால் இங்கே எழுதுகிறேன். தயவுசெய்து திட்டாமல் படியுங்கள். திட்ட வேண்டியதை எல்லாம் நானே அவனைத் திட்டித் தீர்த்துவிட்டேன்.

தம்பிக்குப் பத்தொன்பது வயது. புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான், தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறான். போன வாரம் அவனும் கூடப் படிக்கும் மூன்று பேரும் சேர்ந்து டெலிகிராமில் எவனோ ஒருவனிடம் கஞ்சா கேட்டிருக்கிறார்கள். ஆளுக்கு அறுநூறு போட்டு மொத்தம் 2,400 ரூபாயை என் தம்பிதான் தன் ஜிபேயிலிருந்து அனுப்பியிருக்கிறான். அந்த ஆள் சொன்ன இடத்துக்குப் போய் நாலு பேரும் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள். யாரும் வரவில்லை. கேட்டால் பதில் இல்லை, கடைசியில் பிளாக் செய்துவிட்டான். போனது போகட்டும் என்று வீடு திரும்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வந்திருக்கிறது. போலீஸ் சீருடையில் ஒருவர், பின்னால் கொடி, மேஜை, ஃபைல் எல்லாம். "உன் பெயரில் என்டிபிஎஸ் (போதைப்பொருள் சட்டம்) எஃப்ஐஆர் போட்டாகிவிட்டது, பத்து வருடம் உள்ளே போவாய், காலேஜுக்கும் உன் அப்பாவுக்கும் சொல்லப் போகிறோம், 40,000 கட்டினால் பெயரை எடுத்துவிடுகிறோம்" என்று. இவன் பயந்துபோய் செமஸ்டர் கட்டணத்துக்கு வைத்திருந்ததில் 8,000 அனுப்பிவிட்டான். மீதிக்கு வெள்ளிக்கிழமை வரை கெடு. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று ராத்திரி மொட்டை மாடி ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவனைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னான்.

பொருளே கைக்கு வரவில்லையே, அப்படியிருந்தும் இது குற்றமா? அந்த கால் உண்மையா? போலீஸில் போய்ச் சொன்னால் பணம் பறித்தவனைப் பிடிப்பார்களா, இல்லை நாங்களே அவனைக் கொண்டுபோய் ஒப்படைத்த மாதிரி ஆகிவிடுமா?

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. ஓ.டி.யில் (கடலூர் பழைய நகரம்) சின்னக் கடை வைத்திருக்கிறார், இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. அம்மா இல்லை. நான்தான் ஏதாவது முடிவெடுக்க வேண்டும்.

முள்ளோடை நண்பன் – புதன், காலை 6:15

சகோதரி, பயப்படாதீர்கள். பொருள் சிக்காமல் கேஸ் போட முடியாது. சிக்கினாலும் ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் ஃபைன் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று என் நண்பன் சொல்லியிருக்கிறான். அதுவும் நடந்தது பாண்டி பக்கம்தானே, இங்கே சரக்கு விஷயத்திலேயே தமிழ்நாடு அளவுக்குக் கெடுபிடி கிடையாது. போனை ரீசெட் அடித்து சிம்மை மாற்றச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மஞ்சக்குப்பம் வக்கீல் – புதன், காலை 8:50

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோ கால் போலி. வெள்ளிக்கிழமைக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

முள்ளோடை நண்பர் ஆறுதலுக்காகச் சொல்கிறார், புரிகிறது. ஆனால் அதை நம்பி நடந்தால் மாட்டிக்கொள்வது உங்கள் தம்பிதான். போதைப்பொருள் சட்டம் 1985-இல் நாடாளுமன்றம் இயற்றிய மத்தியச் சட்டம். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே பிரிவுதான், அதே தண்டனைதான். மது மாநிலங்களின் கையில் இருக்கிறது, அதனால்தான் அங்கே கடையில் சட்டப்படி வாங்கிய பாட்டிலோடு ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டும்போது இங்கே வழக்காகிறது. அதைப் பார்த்துப் பழகிய நம் ஊர்ப் பிள்ளைகள் கஞ்சாவுக்கும் பாண்டியில் சலுகை உண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கிடையவே கிடையாது.

சரி, கையில் பொருள் இல்லை என்ற விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு வைத்திருப்பதை மட்டும் தடுக்கவில்லை. விற்பது, வாங்குவது, கொண்டுபோவது, பயன்படுத்துவது எல்லாமே அதில் இருக்கிறது, ஆக வாங்குவதே தனியாக ஒரு குற்றம். அதன் பிறகு 28-ஆவது பிரிவைப் பாருங்கள். குற்றத்தைச் செய்ய முயன்று, அதை நோக்கி ஏதேனும் ஒரு செயலைச் செய்துவிட்டால், முழுக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அதுவே முயற்சிக்கும். பொதுவான குற்றங்களில் அப்படி இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா 62-ஆவது பிரிவில் (பழைய ஐபிசி 511) முயற்சிக்கு உச்சபட்ச சிறைக்காலத்தில் பாதி வரைதான் தர முடியும். போதைப்பொருள் சட்டத்தில் அந்தப் பாதிக் கழிவு கிடையாது. இதைத்தான் யாரும் தெரிந்துவைத்திருப்பதில்லை.

எது வெறும் ஏற்பாடு, எது முயற்சி என்பதில் பெரிய வாதமே உண்டு. பழைய வழக்கு ஒன்று. பஞ்சாபிலிருந்து டெல்லிக்கு அனுமதி இல்லாமல் நெல் ஏற்றிப் போன லாரியை, டெல்லி எல்லை வருவதற்கு முன்பே சமால்கா சோதனைச் சாவடியில் மடக்கினார்கள். அது ஏற்பாடுதான், முயற்சி ஆகவில்லை, எல்லைக்கு முன்னால் மனம் மாறித் திரும்பியிருக்கவும் கூடும் என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் பம்பாய்ப் பக்கம் கடத்துவதற்காக வெள்ளிக் கட்டிகளோடு நள்ளிரவில் கழிமுகத்து ஓரம் போய் நின்ற வண்டி வழக்கில், படகில் ஏற்றி முடிக்கவில்லை என்றாலும் அது முயற்சிதான் என்று 1980-இல் அதே நீதிமன்றம் சொன்னது. உங்கள் தம்பி டெலிகிராமில் விலை கேட்டதோடு நின்றிருந்தால் நெல் லாரியைக் காட்டி வாதாடலாம். பணத்தையும் அனுப்பிவிட்டு, சொன்ன இடத்தில் ஒன்றரை மணி நேரம் காத்தும் நின்றான் என்றால் அரசுத் தரப்பு அதை முயற்சி என்றுதான் சொல்லும். எதிராளியிடம் பொருளே இல்லை என்பதும் முழுக் கேடயமாகாது. காலிச் சட்டைப்பையில் கைவிட்ட பிக்பாக்கெட்காரனையும் முயற்சிக்குத் தண்டிக்கலாம் என்று சட்டப் புத்தகமே உதாரணம் கொடுத்திருக்கிறது.

அதற்காகப் பத்து வருடம் என்று பயப்பட வேண்டாம். தண்டனை எடையைப் பொறுத்தது. கஞ்சாவில் 1 கிலோவுக்குக் குறைவு என்றால் சிறிய அளவு, அதற்கு ஒரு வருடம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கு மேல் 20 கிலோ வரை இருந்தால் பத்து வருடம் வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தபட்சமே பத்து வருடம், இருபது வரை போகலாம், ஜாமீனும் லேசில் கிடைக்காது. இந்த ஒரு கிலோ கணக்குதான் பையன்களைக் கெடுக்கிறது, "கிலோவுக்குக் கீழே ஒன்றும் இல்லை" என்று அதைத் திருப்பிப் படித்துக்கொள்கிறார்கள். அதே நினைப்பில் வேறு பொருளைத் தொட்டால் கதை வேறு. எம்டிஎம்ஏ என்ற செயற்கைப் போதைப்பொருளில் சிறிய அளவு என்பது அரை கிராம், 10 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு. எல்எஸ்டி ஸ்டாம்ப்பில் (போதைப்பொருள் தடவிய காகிதத் துண்டு) சிறிய அளவு 2 மில்லிகிராம், 100 மில்லிகிராமைத் தாண்டினால் வணிக அளவு. கலந்திருக்கும் மாவையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும் என்று 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிராமடால் என்ற வலி மாத்திரைகூட 2018 முதல் இந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது.

நாலு பேர் பணத்தை ஒருவன் சேர்த்து அனுப்பினான் என்பதையும் லேசாக விட முடியாது. 29-ஆவது பிரிவு கூட்டுச் சதி, அதற்கும் முழுத் தண்டனைதான். அவன் வாங்கி வந்து மற்ற மூவருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தால் விற்பனை என்றுகூட எழுதுவார்கள். பொருள் வராமல் போனது உண்மையிலேயே அவனுடைய நல்ல நேரம்.

நடைமுறை என்ன என்றால், பொருள் பிடிபடாமல், ஆய்வக அறிக்கை இல்லாமல், என்ன பொருள், எவ்வளவு எடை என்று நிரூபிப்பது அரசுத் தரப்புக்குக் கடினம். பெரும்பாலும் இப்படிப்பட்ட பையன்கள் மாட்டுவது விற்றவன் பிடிபட்டு, அவனுடைய வங்கிக் கணக்கை எடுத்துப் பார்க்கும்போதுதான். அதனால் ஆபத்து சின்னது, ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போனை ரீசெட் செய்யவே கூடாது. தடயத்தை அழிப்பது தனி வழக்காகிவிடும், தவிர மிரட்டியவனுக்கு எதிராக உங்களிடம் இருக்கும் ஒரே ஆதாரமும் அதுதான்.

இப்போது அந்த கால். வீடியோ காலிலேயே போலீஸ் போல மிரட்டுகிற "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது. எஃப்ஐஆர் போட்ட பிறகு பணம் வாங்கிக்கொண்டு பெயரை எடுக்கிற முறையும் கிடையாது. விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2,400 வாங்கியவனும் சீருடை போட்டவனும் ஒரே கும்பலாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இல்லையென்றால் இவன் நம்பரும் இவன் செய்ததும் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தென்பெண்ணைக்கரை – புதன், காலை 9:30

வக்கீல் சார், ரொம்ப நன்றி. ஒரே கும்பலாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், அவன் சொன்ன தேதி, தொகை எல்லாம் அப்படியே சரியாக இருந்ததால்தான் நம்பினோம்.

மூன்று பேரில் ஒருவனுக்குப் பதினெட்டு முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்கிறான் தம்பி, அது ஏதாவது பிரச்சினையா? அப்புறம் புகார் கொடுக்கப் போனால் "எதுக்குப் பணம் அனுப்பினாய்" என்று கேட்பார்களே, அதற்கு என்ன சொல்வது? ஷூ ஆர்டர் செய்தேன் என்று சொல்லிவிடலாம் என்கிறான்.

லாஸ்பேட்டை அப்பா – புதன், பிற்பகல் 1:05

அம்மாடி, நான் வழக்கமாக எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. உன் பதிவைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்பு அவனும் ஒரு நண்பனும் பைக்கில் வரும்போது நிறுத்திச் சோதித்தார்கள். பையில் இருந்தது 60 கிராம். சொந்த உபயோகத்துக்கு வாங்கினேன் என்றான். ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு போன் வந்தது, மறுநாள் நீதிபதி முன் நிறுத்தி ரிமாண்ட். சின்ன அளவுதானே, ஒரு நாளில் வந்துவிடுவான் என்று எல்லோரும் சொன்னார்கள். நடுவில் விடுமுறை நாட்கள் வந்துவிட்டன, ஜாமீன்தாரர் கையெழுத்துக்கு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது, பதினோராவது நாள்தான் வெளியே வந்தான். அதற்குள் இரண்டு பரீட்சை போய்விட்டது. பிறகு முப்பது நாள் தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. நான் வாசலில் பைக்கில் உட்கார்ந்திருப்பேன், தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு செய்த தப்பை. எங்களுக்கு அமைந்த வக்கீல், "வழக்கு நடத்தினால் வருடக்கணக்கில் இழுக்கும், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் இன்றைக்கே முடிந்துவிடும்" என்றார். எனக்கும் அன்றைக்கே முடிந்தால் போதும் என்றுதான் இருந்தது. 5,000 ரூபாய் கட்டிவிட்டு, வெளியே வந்து டீ குடித்தோம், அப்பாடா என்று இருந்தது. அது தண்டனை பெற்றவன் என்ற பெயர் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. கடைசி வருடம் கேம்பஸில் ஒரு கம்பெனி எடுத்தது. படிவத்தில் குற்ற வழக்கு உண்டா என்ற கேள்விக்கு நண்பர்கள் பேச்சைக் கேட்டு இல்லை என்று எழுதிவிட்டான். வெரிஃபிகேஷனில் தெரிந்துவிட்டது, ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். தண்டனை கிடைத்ததைவிட, மறைத்ததைத்தான் அவர்கள் பெரிதாகச் சொன்னார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பதினோரு நாளில் உள்ளே அவன் பழகியது தன்னைப் போன்ற பிள்ளைகளோடு இல்லை. வெளியே வந்தவன் முன்பைவிட அதிகமாகக் குடிக்க, இழுக்க ஆரம்பித்தான். சிகிச்சைக்குக் கொண்டுபோக எனக்கு ஒரு வருடம் ஆனது, ஏனென்றால் அது வரை நான் அவனோடு சரியாகப் பேசவே இல்லை. இப்போது நன்றாக இருக்கிறான், ஒரு மெக்கானிக் ஷாப்பில் வேலை, கையில் தொழில் இருக்கிறது. உன் தம்பி ஜெயிலைப் பார்க்காமல் உன்னிடம் வந்து சொல்லியிருக்கிறான். அவனிடம் பேச்சை நிறுத்திவிடாதே, அம்மா.

மஞ்சக்குப்பம் வக்கீல் – புதன், மாலை 7:20

லாஸ்பேட்டை ஐயா, உங்களிடம் அன்றைக்கு ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய இரண்டு விஷயங்களை இங்கே எழுதுகிறேன், மற்றவர்களுக்காவது பயன்படட்டும்.

சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்குப் பழகிவிட்ட ஒருவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவுக்காகவோ வழக்கில் சிக்கியிருந்தால், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம். பாதியில் விட்டுவிட்டால் விலக்கும் போய்விடும், அது நியாயம்தான். தீர்ப்புக்குப் பிறகும் 39-ஆவது பிரிவில், சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். நான் பார்த்தவரை, கேட்பவர்கள் மிகக் குறைவு. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் உங்கள் வக்கீலிடம் கேளுங்கள். வேலைப் படிவத்தில் மறைப்பது பற்றி, அவதார் சிங் வழக்கில் 2016-லேயே உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. சின்ன வழக்காக இருந்து, உண்மையைச் சொன்னால் நிறுவனம் யோசித்து முடிவெடுக்க இடம் உண்டு, மறைத்துவிட்டால் நம் பக்கம் பேசுவது ரொம்பக் கஷ்டம்.

இப்போது தங்கச்சி கேட்டதற்கு. பதினெட்டு முடியாத பையன் விஷயம் சிறார் நீதிக் குழுமத்துக்குப் போகும், அவனுக்கு விதிகளே வேறு. அவனுக்கு மற்ற மூவர் வாங்கிக் கொடுத்தார்கள் என்று வந்தால்தான் மோசம், சிறுவருக்குப் போதைப்பொருள் தருவதற்குச் சிறார் நீதிச் சட்டத்தில் ஏழு வருடம் வரை தண்டனை இருக்கிறது. இனி அவனை எதிலும் சேர்க்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

ஷூ கதை வேண்டவே வேண்டாம். பொய்ப் புகார் கொடுத்தால், பிறகு அவன் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். மிரட்டிப் பணம் பறித்தது (நியாய சன்ஹிதா 308), அரசு ஊழியராக வேஷம் போட்டது (204), இந்த இரண்டும்தான் புகார். எந்த நம்பரிலிருந்து கால், எந்த யுபிஐ ஐடிக்கு 8,000, எத்தனை மணிக்கு, என்ன சொல்லி மிரட்டினார்கள், அவ்வளவையும் உள்ளபடி எழுதுங்கள். தன் தப்பைத் தானே எழுதிக் கொடுக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் அவனுக்கு எதிராக நிரூபிக்கவும் முடியாது. போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுப்பதற்கும் அதுவே பொருந்தும் என்று 2020 அக்டோபரில் தோஃபான் சிங் வழக்கில் தீர்ப்பானது, அது நம் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். ஆனாலும் 2,400 அனுப்பிய பதிவு வங்கியில் இருக்கிறது. அதனால் தனியாகப் போகாமல் ஒரு வக்கீலோடு போங்கள். வசதி இல்லை என்று தயங்க வேண்டாம், 15100 அழைத்தால் இலவச சட்ட உதவி, நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது.

இன்றைக்கே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். பணம் போய் எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்துத்தான் கணக்கை முடக்கி நிறுத்த முடியும்.

கோரிமேடு நர்ஸ் அக்கா – புதன், இரவு 10:10

எல்லோரும் கேஸைப் பற்றிப் பேசுகிறீர்கள், எனக்கு மொட்டை மாடி என்ற வார்த்தையிலேயே மனம் நின்றுவிட்டது. போதை மறுவாழ்வு வார்டில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். தங்கச்சி, அவனைத் தனியாக உட்காரவைத்து நேரடியாகக் கேள், "செத்துப்போகலாம் என்று நினைத்தாயா?" என்று. அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்று எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கிறது. அப்படி ஆவதில்லை, கேட்டால் அவர்களுக்கு மூச்சு வருகிறது. ஆமாம் என்று சொன்னால் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போ. 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள். வெள்ளிக்கிழமை கெடு முடிந்து இரண்டு மூன்று நாள் வரைக்கும் அவனைத் தனியாக விடாதே. ராத்திரி மாடிக் கதவைப் பூட்டி வை. மிரட்டுகிறவர்களுக்குத் தேவை நாற்பதாயிரம்தான், ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாமே முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்புறம், இது முதல் தடவைதானா என்று கேள். எத்தனை நாளாக, வாரத்துக்கு எத்தனை தடவை, காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறதா என்று. கோபப்படாமல் கேட்டால் பாதியாவது உண்மை வரும். தினமும் இழுத்தவன் நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது, முதல் வாரம்தான் ரொம்பக் கஷ்டம், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். அவன் இரண்டு நாளாகச் சாப்பிடாதது பயத்தினாலா, நிறுத்தியதனாலா என்பதும் அதில் தெரிந்துவிடும். எப்போதோ ஒரு தடவை என்றால் பேசினாலே போதும். பழகிவிட்டான் என்றால் ஜிப்மர் மனநலப் பிரிவுக்கு வரலாம், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே போவது என்று கேட்க 14446. சிகிச்சைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள், வக்கீல் சார் சொன்ன 64ஏவுக்கு அதுதான் முதலில் வேண்டியிருக்கும்.

அப்பாவிடம் சொல்லிவிடு. வெளி ஆள் ஒருவன் போன் செய்து அவரிடம் சொல்வதைவிட நீ சொல்வது அவர் இதயத்துக்கு நல்லது.

தென்பெண்ணைக்கரை – சனி, இரவு 9:45

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். புதன் ராத்திரியே 1930-இல் பதிவு செய்தோம். வியாழக்கிழமை காலையில் சட்ட உதவியில் கிடைத்த ஒரு வக்கீல் அக்காவோடு போய்ப் புகார் கொடுத்தோம். எதற்கு அந்த நம்பரோடு பழக்கம் என்று கேட்டார்கள், அக்கா முன்பே எழுதிவைத்தபடி மிரட்டல் பற்றி மட்டும் சொன்னான், ஷூ கதையைச் சொல்லவில்லை. ரசீது கொடுத்திருக்கிறார்கள். 8,000-இல் 3,000 ஒரு கணக்கில் நிற்கிறது, அதைத் திரும்ப வாங்க வழி இருக்கிறது என்கிறார்கள். மறுபடி விசாரணைக்குக் கூப்பிட்டால் அவனைத் தனியாக அனுப்பக் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

நர்ஸ் அக்கா, நீங்கள் சொன்ன கேள்வியைக் கேட்டேன். ஆமாம் என்றான். அதை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. மறுநாளே டாக்டரைப் பார்த்துவிட்டோம். நாலைந்து மாதமாக வாரக் கடைசியில் இழுத்திருக்கிறான், அடுத்த செவ்வாய் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்பாவிடம் வியாழன் ராத்திரி சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். நேற்று சாயங்காலம் அந்த நம்பரிலிருந்து ஏழு தடவை கால் வந்தது. போன் அப்பா கையில்தான் இருந்தது, எடுக்கவில்லை, ஒவ்வொன்றையும் நேரத்தோடு நோட்டில் குறித்து வைத்திருக்கிறார்.